லாச்சி இல்லாத மேசைகள்

மீனா, சரவணா, கண்டிக்குப் போய் வந்த கதையைக் கேட்டால் தேயிலைப் பொட்டலத்தைக் காட்டிவிட்டுப் பேசாமல் இருந்துவிடுகிறேன் என்று உங்கள் அம்மா குறை சொல்கிறாள். வாயால் சொல்ல ஆரம்பித்தால் பாதியிலேயே நீங்கள் செல்போனை எடுத்துவிடுகிறீர்கள். அதனால் எழுதிவைக்கிறேன். எட்டாவதோடு நின்ற படிப்பு. பிழை இருந்தால் திருத்திக்கொண்டு படியுங்கள்.

நான் போனது ஊர் சுற்ற அல்ல. நம் பட்டறையில் ஆபீஸ் மேசைகள் செய்து, போய் மாட்டியும் கொடுக்கிறோம் என்பது உங்களுக்குத் தெரியும். கண்டியில் ஒரு இன்சூரன்ஸ் கம்பெனி தன் கிளைக்குப் புது ஆபீஸ் போடுகிறது. வரைபடம் கொழும்பில் இருக்கிற ஒரு டிசைனருடையது. மேசைகள் நம் கோயம்புத்தூர்ப் பட்டறையில் செய்தவை. அவை முன்னாலேயே கப்பலில் போய்விட்டன. “நீ பொறந்த ஊருதானே, சிங்களமும் தெரியும், போயிட்டு வா” என்று முதலாளி சொன்னார். துணைக்கு ஆசாரி முருகேசனை அனுப்பினார். கண்டிக்குப் பக்கத்து அம்பிட்டியவில் பிறந்து, சின்னப் பையனாக அப்பா அம்மாவோடு கப்பலேறி இந்தியாவுக்கு வந்தவன் நான். அதற்குப் பிறகு இப்போதுதான் போகிறேன்.

கண்டிக்குள் பஸ் நுழையும்போது மழை. எங்கள் காலத்திலும் இப்படித்தான், யாரும் குடையை விரிக்க அவசரப்படாத மழை. இறங்கியதும் ஒரு பேக்கரியில் சீனிச் சம்பல் பணிஸும் பால் ஊற்றாத பிளேன்டியும் வாங்கினேன். காரமும் இனிப்புமாக வெங்காயத்தை வதக்கி உள்ளே வைத்த பன் அது. முருகேசன் ஒரு கடி கடித்துவிட்டு என்னைப் பார்த்தான்.

“ஏனுங்ணா, பன்னுக்குள்ள வெங்காயத் தொக்கை வெச்சுப்போட்டாங்க, கடைக்காரருக்குத் தெரியுமுங்களா?”

“தெரியும். சாப்பிடு.”

இன்னொன்று வாங்கித் தின்றான். எனக்கோ பாதிக்கு மேல் இறங்கவில்லை. ருசி மாறாமல் இருந்ததுதான் காரணம்.

புது ஆபீஸ் ஒரு கட்டிடத்தின் மேல்மாடி. பழைய ஆபீஸ் அதே கட்டிடத்தில் கீழே நடந்துகொண்டிருந்தது. மேனேஜர் பிலோமினா மிஸ் எங்களை மேலே கூட்டிப்போனார். நாற்பத்தைந்து வயது இருக்கும், அம்பிட்டியக்காரர், கழுத்தில் சின்னச் சிலுவை. என் ஊர் தெரிந்ததும் முகம் மலர்ந்துவிட்டது.

“அட, நம்ம ஊரு ஆளு! வாங்கண்ணே, இருங்க. கதிரையைப் போடுங்கப்பா அண்ணனுக்கு.”

கதிரை! நாற்காலியை அப்படி யாராவது சொல்லிக் கேட்டு எத்தனை காலம் ஆகிவிட்டது.

வரைபடத்தை விரித்து எனக்கு விளங்கும்படி சொன்னார். ஆளுக்கொரு மேசை என்பதே கிடையாது. நீளமான வெள்ளை மேசைகள், காலையில் வந்தவர் எங்கே இடம் இருக்கிறதோ அங்கே உட்காரலாம். மறுநாள் வேறு இடம். மேசைக்குக் கீழே ஒன்றும் இருக்காது, கால் மட்டும்தான். ஒரு மூலையில் சோபா, இன்னொரு மூலையில் ஊஞ்சல். சுவர் முழுக்க ஆங்கிலத்தில் பெரிய எழுத்தில் சிரிப்பு, குழு, குடும்பம் என்று எழுதவேண்டும். ஆட்கள் ஒரே மூலையில் முடங்கிக் கிடக்காமல் எழுந்து நடந்து கலந்து பழகவேண்டும், கம்பெனி மேல் அவர்களுக்கு ஒட்டுதல் வரவேண்டும் என்று கொழும்பு டைரக்டர் ஆசைப்படுகிறாராம்.

“நல்ல எண்ணந்தானே மிஸ்?” என்றேன்.

“நல்ல எண்ணந்தான். ஆனா இது கடைசி எண்ணம் அண்ணே.” குரலைத் தாழ்த்தினார். “ஒரு வருசமா ஆளுங்க ஒவ்வொருத்தரா வேலைய விட்டுட்டுப் போறாங்க. புது ஆபீஸ் வந்தும் போனாங்கன்னா இந்தக் கிளைய மூடி கொழும்போட சேத்துருவாங்க. இங்க இருக்கிற பிள்ளைங்க வத்தேகமயிலேருந்தும் கலஹாவிலேருந்தும் பஸ்ஸுல வர்றதுங்க. கொழும்புக்கு எப்படிப் போகும்? நல்லா செஞ்சு குடுங்கண்ணே.”

நல்லா செய்கிறேன் என்று சொல்லிவிட்டேன். எனக்கு என்ன, வரைபடத்தில் இருப்பதைச் செய்தால் முடிந்தது என்று நினைத்தேன்.

மறுநாள் மத்தியானத்துக்குள் முதல் வரிசையை நிறுத்திவிட்டோம். சாப்பாட்டு நேரத்தில் கீழே இருந்தவர்கள் பார்க்க ஏறி வந்தார்கள். யாரும் எதையும் தொடவில்லை. பெண் பார்க்க வந்த வீட்டில் பெண்ணைப் பிடிக்காமல் போனால் நிற்பார்களே, அந்த மாதிரி நின்றார்கள். கணக்காளர் சிவபாலன் யாழ்ப்பாணத்துக்காரர், ஒல்லியான மனிதர். அவர்தான் குனிந்து மேசைக்கு அடியில் பார்த்தார்.

“உதென்ன, கலியாண வீட்டுப் பந்தி மேசையே? லாச்சி எங்கை?”

நிமிர்ந்து எங்களைப் பார்த்தார்.

“ஆரைக் கேட்டு லாச்சியை எடுத்தவை? இவ்வளவு காலமும் என்ரை முழங்காலோடை முழங்காலா இருந்த லாச்சி. நல்லதுக்கும் கெட்டதுக்கும் அதிலைதான் கை வைக்கிறனான். லாச்சி இல்லாட்டி நான் இஞ்சாலை வரமாட்டன். சொல்லிப்போட்டன்.”

“லாச்சி இல்லாட்டி நானும் வாரல்ல” என்றது ரிஸ்வானா என்கிற பெண், இருக்கிறதை ஈக்கிறது என்கிற தன் ஊர்ப் பேச்சில். “லாச்சி ஈக்கிறதாலதான் நாங்க ஒத்தரோட ஒத்தர் பேசிக்கொண்டு ஈக்கிற.”

எல்லாரும் இறங்கிப் போய்விட்டார்கள். பிலோமினா மிஸ் மட்டும் அந்த வெள்ளை மேசையைத் தடவிக்கொண்டு நின்றார். “சிவபாலன் போனா கணக்குப் பகுதி போச்சு. கணக்குப் பகுதி போனா கிளை போச்சு. அவருக்கு வேற கம்பெனியிலேருந்து போன் வந்துக்கிட்டே இருக்கு அண்ணே” என்றார்.

நான் அதைக் கேட்டேனா என்பதே சந்தேகம். என் காதில் அந்தச் சொல்தான் ஓடிக்கொண்டிருந்தது. லாச்சி என்றால் மேசையில் இழுத்துத் திறக்கிற பெட்டி. இந்தியாவுக்கு வந்து பள்ளிக்கூடத்தில் சேர்ந்த புதிதில், சாக்கட்டி எங்கே என்று வாத்தியார் கேட்டார். “லாச்சியில இருக்கு சேர்” என்றேன். வகுப்பே சிரித்தது. அன்றைக்கே எனக்கு லாச்சி என்று பட்டப்பெயர் வைத்துவிட்டார்கள். டிராயர் என்று சொல்லப் பழகிக்கொண்டேன். ஊரில் அரைக்கால் சட்டைக்கும் டிராயர் என்றுதான் பெயர், அதற்கு மட்டும் யாரும் சிரிக்கவில்லை. நாளடைவில் நானே அந்தச் சொல்லை மறந்துபோனேன். இத்தனை வருடம் கழித்து ஒரு கணக்காளர் கோபத்தில் அதை எடுத்து என் முன்னால் போடுகிறார்.

அந்த நினைப்போடு சாயங்காலம் அம்பிட்டிய பார்க்கலாம் என்று பஸ் ஏறினேன். யாரையும் கேட்கவில்லை. கால் தானாகப் பழைய இடத்துக்கே போய் நின்றது, பஸ்ஸும் வந்தது. “உள்ளுக்குப் போங்க, உள்ளுக்குப் போங்க, பின்னால கிரிக்கெட் விளையாட இடம் இருக்கு!” என்று கண்டக்டர் சிங்களத்தில் கத்தினார். பின்னால் ஒரு காலை வைக்கத்தான் இடம் இருந்தது. மகாவலி ஆற்றுப் பாலம் வந்ததும்தான் எனக்குச் சந்தேகம், அம்பிட்டிய வழியில் அந்த ஆறு கிடையாது. நான் நின்ற இடத்துக்குப் பக்கத்து ஸீட்டில் ரிஸ்வானா.

“அண்ணா, நீங்க எங்க போற?”

“அம்பிட்டியவுக்கும்மா.”

“அல்லாவே! இது வத்தேகம பஸ். அம்பிட்டிய பஸ் அங்க நிக்கிறல்ல, எப்பவோ இடம் மாத்திட்டாங்க.”

அந்தப் பெண் சிரித்த சிரிப்பில் முன் ஸீட்டுக்காரர்களும் திரும்பி, விஷயத்தைக் கேட்டுச் சிரித்தார்கள். “பரவாயில்லை, வத்தேகமவும் நல்ல ஊர்தான்” என்று ஒரு சிங்களக் கிழவர் எனக்கு ஆறுதல் சொன்னார். இனி இறங்கி என்ன செய்வது? கடைசி வரைக்கும் போனேன். போகிற வழியில் லாச்சி விஷயத்தைக் கேட்டேன்.

“எங்கட லாச்சியில தைலம் ஈக்கி. தலையிடி வந்தா எல்லாரும் எனக்கிட்டத்தான் வாற. சிவபாலன் சேர்ட லாச்சியில இஞ்சி டொபி. சுனில் ஐயாட லாச்சியில ஊசி நூல், சட்டைப் பித்தான், மல்லிப் பக்கட். எனக்கு வேலைக்கு வந்த புதுசில ஒரு மனுசரையும் தெரியா. சாரிப் பின் கேக்கத்தான் மிஸ்ஸோட மொதல் மொதல் பேசின. லாச்சி இல்லாட்டி என்னத்தைச் செல்லி ஒத்தர்ட மேசைக்குப் போற?”

டிசைனருக்கும் டைரக்டருக்கும் இது தெரியுமா என்று கேட்டேன். “அவங்க கேக்கல்லயே” என்றது அந்தப் பெண்.

வத்தேகமச் சந்தைக்குப் பக்கத்துக் கடையில் பாணும் பருப்பும் சாப்பிட்டேன். நம் ஊரில் பிரெட் காய்ச்சல்காரன் சாப்பாடு. அங்கே பாணைப் பிய்த்துப் பருப்பில் முக்கிச் சாப்பிட்டுவிட்டு ஆட்கள் மூட்டை தூக்கப் போகிறார்கள். எங்கிருந்து வந்தேன் என்று கேட்ட கடைக்காரர், நான் பாணை முக்கிச் சாப்பிடுவதைப் பார்த்து, “இந்தியாவிலிருந்து வந்தவர் மாதிரி இல்லையே” என்றார். அவர் அதைச் சும்மாதான் சொன்னார். எனக்குப் பரிசு கொடுத்த மாதிரி இருந்தது.

அடுத்த நாள் காலை டிசைனருக்குப் போன் போட்டேன். மேசைக்கு ஒரு பெட்டி வைத்தால் என்ன என்று பணிவாகத்தான் கேட்டேன். பெட்டி வைத்தால் ஆள் அதைக் கட்டிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிடுவான், திட்டமே கெட்டுப்போகும், படத்தில் இருப்பதைச் செய்யுங்கள் என்றார். அவர் சொல்வதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. மேலே வந்து முருகேசனோடு இரண்டாவது வரிசையை நிறுத்தினேன். அவன் என்னமோ சாவு வீட்டில் வேலை செய்கிறவன் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டிருந்தான். காய்ச்சலா என்று கேட்டேன். “எனக்கென்னங்ணா, பாவம் அந்தம்மா” என்றான். பிலோமினா மிஸ்ஸைச் சொல்கிறான் என்று விட்டுவிட்டேன்.

அதற்கு மறுநாள் முன்னறிவிப்பு இல்லாமல் டைரக்டரே கொழும்பிலிருந்து வந்து இறங்கினார். வெள்ளைச் சட்டை போட்ட சிங்களக் கனவான். மலைப்பாதை வளைவில் காருக்குள் தலைசுற்றி முகம் வெளுத்திருந்தது. கீழே பழைய ஆபீஸுக்குள் எங்கள் எல்லாரையும் கூப்பிட்டார். வந்ததும் வராததுமாக ஆங்கிலத்தில் ஒரே கேள்வி.

“மிஸ் லாச்சியை யார் வேலையை விட்டு நிறுத்தியது?”

பிலோமினா மிஸ் முழித்தார். “அப்படி இங்க யாரும் இல்லையே சேர்.”

“மறைக்க வேண்டாம். மேசை செய்த முதலாளி இந்தியாவிலிருந்து டிசைனருக்குப் போன் செய்து வருத்தப்பட்டிருக்கிறார். மிஸ் லாச்சியை நீக்கியதால் இங்கே ஒருவருக்கும் வேலையில் மனம் இல்லையாம். தங்கமான மனுஷியாம். நான் கையெழுத்துப் போடாமல் என் ஆபீஸில் யார் யாரை நீக்குவது?”

மெதுவாகத் திரும்பி முருகேசனைப் பார்த்தேன். அவன் அவர் பேச்சில் லாச்சி என்கிற ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு துணிந்து முன்னால் வந்தான்.

“நாந்தானுங்க மொதலாளிக்குப் போன் போட்டேன். மனசு கேக்கலீங்க. இந்த ஐயா முழங்காலோட முழங்காலா ஒக்காந்து வேலை செஞ்ச அம்மாவாமுங்க, நல்லது கெட்டதுக்கெல்லாம் அவங்கதானாமுங்க…” என்று சிவபாலனைக் கை காட்டினான்.

சிவபாலன் சிவந்த சிவப்பை நான் எழுத்தில் சொல்ல முடியாது. “எட, நாசமாப் போனவனே! எனக்கு ஊரிலை பெண்சாதி பிள்ளையள் இருக்கினம்!” என்று கத்திக்கொண்டே தன் பழைய மேசை லாச்சியைச் சடாரென்று இழுத்தார். “இதடாப்பா லாச்சி! இது!”

டைரக்டர் குனிந்து பார்த்தார். “லாச்சுவ?” என்றார் சிங்களத்தில். அவர்கள் மொழியிலும் அதற்கு அதுதான் பெயர். அவ்வளவுதான், அந்தப் பெரிய மனிதர் மேசையைப் பிடித்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கினார். சிரிப்பு இருமலாகி, இருமல் குமட்டலாகி, கதிரையில் சாய்ந்துவிட்டார்.

அப்போது நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். அங்கே ஒரு லாச்சி திறந்தது, இங்கே ஒரு லாச்சி திறந்தது. ரிஸ்வானா தைலத்தோடு ஓடிவந்தது. சிவபாலன் கோபம் தீராத முகத்தோடே இஞ்சி டொபியை நீட்டினார். சிங்களப் பெரியவர் சுனில் ஐயா மல்லிப் பக்கட்டோடு சுடுதண்ணீர் தேடிப் போனார். பிலோமினா மிஸ் லாச்சியிலிருந்து ஒரு விசிறி வந்தது. கொஞ்ச நேரத்தில் அந்த மனிதரைச் சுற்றி ஒரு கூட்டம்.

டொபியைச் சப்பிக்கொண்டு அவர் சுற்றிலும் பார்த்தார். “நீங்கள் எழுந்து நடந்து பழகவேண்டும் என்றுதான் லாச்சியை எடுக்கச் சொன்னேன்” என்றார், தனக்குத்தானே சொல்கிற மாதிரி. பிறகு என்னைப் பார்த்துச் சிங்களத்தில், “பாஸ், வைக்க முடியுமா?” என்றார். அங்கே ஆசாரியைப் பாஸ் என்றுதான் கூப்பிடுவார்கள். முடியும் என்றேன். சோபாவும் ஊஞ்சலும் இருக்கட்டும், அது தன் ஆசை என்று கேட்டுக்கொண்டார்.

சிவபாலனைப் பார்த்து, “நீங்கள் இருப்பீர்கள்தானே?” என்றும் கேட்டார். இவர் லாச்சியை மூடிவிட்டு, “பாப்பம்” என்று ஒரு சொல்தான் சொன்னார். பிலோமினா மிஸ் முகத்தில் வந்த வெளிச்சம் பாதியில் நின்றது.

இரவு நம் முதலாளிக்கு முருகேசன் போன் போட்டு, லாச்சி அம்மா கிடைத்துவிட்டார் என்று சொன்னான். அவரும் சந்தோஷப்பட்டு வைத்துவிட்டார். இன்னும் யாரும் அவருக்கு முழுக்கதையும் சொல்லவில்லை. நீங்களும் சொல்லிவிடாதீர்கள்.

நடுவில் போயா தினம் வந்தது. பௌர்ணமிக்கு அங்கே எல்லாவற்றுக்கும் விடுமுறை. அன்றைக்குச் சரியான பஸ்ஸைக் கேட்டு ஏறி அம்பிட்டிய போனேன். நாங்கள் குடியிருந்த வீட்டில் டியூஷன் வகுப்பு நடத்துகிறார்களாம். விடுமுறை ஆனதால் பூட்டியிருந்தது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன், நாங்கள் ஐந்து பேரும் பாய் போட்டுப் படுத்த அறையில் பெஞ்சும் கரும்பலகையும். உங்கள் தாத்தா குடையை மாட்டுகிற ஆணி மட்டும் சுவரில் இருந்தது. வேறு யாரோ குடையை மாட்டியிருந்தார்கள். அதைப் பார்த்து நிம்மதியாக இருந்தது, ஏன் என்று தெரியவில்லை.

லாச்சிகளுக்கு வெள்ளைப் பலகை கிடைக்கவில்லை. கட்டுகஸ்தோட்டையில் ஒரு மர ஆலையில் மகோகனிப் பலகை வாங்கினோம். வெள்ளை மேசைக்குக் கீழே சிவப்பு லாச்சி, வெள்ளைச் சட்டைக்கு யாரோ பழைய துணியில் பை தைத்த மாதிரி இருந்தது. டிசைனர் பார்த்தால் அழுதிருப்பார். நான் பூட்டும் வாங்கி வந்தேன். நம் ஊரில் பூட்டில்லாத ஆபீஸ் மேசையை யாராவது வாங்குவார்களா? பூட்டைக் கண்டதும் சுனில் ஐயா கையை ஆட்டினார். “வேண்டாம் பாஸ். நான் லீவு போட்ட அன்றைக்கு ஒருவனுக்குப் பித்தான் அறுந்தால் என்ன செய்வான்?” என்றார். கடையில் அத்தனை பூட்டையும் திருப்பிக் கொடுத்தோம். கடைக்காரர் எங்களைச் சந்தேகமாகப் பார்த்தார்.

எல்லாம் முடிந்து திறப்பு நாள் வந்தது. புதுச் சட்டியில் பால் பொங்க வைத்தார்கள், கெட்டியாகச் சமைத்துப் பரப்பிய பாற்சோற்றைத் துண்டு துண்டாக வெட்டினார்கள். குத்துவிளக்கு ஏற்றினார்கள். ஆளுக்கொரு பையோடு வந்து அவரவர் லாச்சியை நிரப்பத் தொடங்கினார்கள். ஒருவர் பிள்ளையார் படம் ஒட்டினார், ஒருவர் புத்தர் படம். ரிஸ்வானா பேரீச்சம்பழ டப்பா வைத்தது. ஜன்னலோரத்து மேசை மட்டும் சும்மா கிடந்தது. சிவபாலன் வரவில்லை. பிலோமினா மிஸ் வாசலுக்கும் ஜன்னலுக்குமாக நடந்தார். போனை எடுத்தார், வைத்தார். பாற்சோறு தட்டு ஆறிப்போனது.

படியில் செருப்புச் சத்தம். தோளில் ஈரக் குடை, கையில் பெரிய சாக்குப் பை.

“பேராதனையிலை ஒரே நெரிசல். என்ன எல்லாரும் என்ரை மூஞ்சையைப் பாக்கிறியள்? வழி விடுங்கோ” என்று நேரே ஜன்னலோரம் போய் உட்கார்ந்தார். இஞ்சி டொபிப் போத்தலை எடுத்து மேசையில் வைத்துவிட்டு லாச்சியை இழுத்தார். வரவில்லை. காலை மேசையில் முட்டுக்கொடுத்து இழுத்தார். அசையவில்லை.

“உதைத்தானே சொன்னனான்! லாச்சி வைச்சும் லாச்சி இல்லை!”

சரியாகக் காயாத பச்சைப் பலகை, கண்டி மழைக்கு ஊதிவிட்டது. இப்போது இழைப்புளி பிடித்துச் சீவ நேரமில்லை. “மெழுகுதிரி இருந்தா ரெண்டு ஓரமும் தேய்ச்சா ஓடிரும்” என்று சொன்னேன். இத்தனை லாச்சி திறந்தும் ஒருவரிடமும் மெழுகுதிரி இல்லை.

பிலோமினா மிஸ் தயங்கித் தயங்கித் தன் கைப்பையைத் திறந்தார். காகிதத்தில் சுற்றிய ஒரு நீண்ட வெள்ளை மெழுகுதிரி. “சிவபாலன் வந்திட்டாருன்னா சாயங்காலம் மாதாகிட்ட ஏத்துறேன்னு நேர்ந்துக்கிட்டது அண்ணே” என்றார். அவருக்குக் கண் கலங்கியிருந்தது, சிரிப்பும் வந்தது. “பரவாயில்ல, தேய்ங்க. எங்க எரிஞ்சா என்ன, எங்க தேஞ்சா என்ன. மாதா ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டா.”

சிவபாலன் எழுந்து நின்றுவிட்டார். மெழுகுதிரியை என் கைக்குக் கொடுக்க விடவில்லை. தானே மிஸ்ஸிடமிருந்து வாங்கி, முழங்கால் போட்டு உட்கார்ந்து, நாங்கள் கழற்றிக் கொடுத்த லாச்சியின் இரண்டு ஓரத்திலும் மெதுவாகத் தேய்த்தார். மாட்டி இழுத்தார். ஒரு விரலுக்கு ஓடி வந்தது.

பிறகு, ஈரத்தில் இறுகத் தொடங்கியிருந்த பக்கத்து மேசை லாச்சிக்குத் தவழ்ந்து போனார், அதற்கடுத்த மேசைக்கும். கடைசி லாச்சி ஓடும்போது அந்த மெழுகுதிரி அவர் நகத்தளவுக்கு வந்திருந்தது.